பசையில் நிற்கும் ஃபிட்டிங்குகள்: பழைய 911 டர்போ, ஜிடி3 கார்களில் கூலன்ட் கசிவை அறிகுறி வைத்துப் பிடிப்பது

996, 997 வகை போர்ஷ 911 கார்களில் டர்போ, ஜிடி2, ஜிடி3 மூன்றுக்கும் ஒரு பிறவிக்குறை உண்டு. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும் ஹோஸ்கள் வந்து மாட்டும் அலுமினிய ஃபிட்டிங்குகள் (குழாய் முனைகள்) ஹவுசிங்கோடு (அவை பொருந்தும் வார்ப்புக் கூடு) சேர்த்து வார்க்கப்பட்டவை அல்ல, வெல்ட் பிடித்தவையும் அல்ல. துளைக்குள் செருகிப் பசையால் ஒட்டியவை. இருபது வருடமாகச் சூடாகிக் குளிர்ந்த பசை ஒருநாள் விட்டுவிடும். ஹோஸ் வெடிப்பதென்றால் முன்கூட்டியே ஊறும், ஈரம் காட்டும். இந்த ஃபிட்டிங் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. நேற்றுவரை ஒரு சொட்டுக்கூட விடாத கார், இன்று தெற்கு அதிவேகப் பாதையில் மொத்தக் கூலன்டையும் பின் டயருக்குப் பக்கத்தில் கொட்டும்.

எல்லாக் கசிவும் இதனால் வருவதில்லை. பத்து ரூபாய் வேலையை எஞ்சின் இறக்கும் வேலையாக்கிவிடக் கூடாது. எஞ்சின் இறக்கவேண்டியதை எம்-சீல் அப்பி மறைக்கவும் கூடாது. அதனால் கீழே எல்லாமே அறிகுறிப்படி இருக்கிறது. உங்கள் காரில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

## முதலில்: உங்கள் எஞ்சின் எது?

பசை ஃபிட்டிங் இருப்பது மெட்ஸ்கர் எஞ்சின் என்று அழைக்கப்படும் 3.6 லிட்டர் குடும்பத்திலும் அதிலிருந்து வளர்ந்த பெரிய ஜிடி3 எஞ்சின்களிலும். 996 டர்போ, ஜிடி2, ஜிடி3 எல்லாம் இதில் சேரும். 997இல் 2009 வரையான டர்போ, ஜிடி2, கடைசிவரை வந்த ஜிடி3 சேரும். 2010 மாடல் டர்போவின் எஞ்சின் வேறு.

சாதாரண கரேரா, பொக்ஸ்டர், கேமன் வைத்திருப்பவர்களுக்குப் பசைக் கவலை இல்லை. மூடி, தாங்கி (கூலன்ட் டாங்க்), ரேடியேட்டர், விசிறி பற்றி வருவதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

கையில் இருக்கவேண்டியவை: டோர்ச், பிடி நீண்ட சின்னக் கண்ணாடி, வெள்ளைப் பெயின்ட் மார்க்கர், ஓபிடி ஸ்கேனர் (காரின் கணினியைப் படிக்கும் கருவி), தாங்கி மூடிக்குப் பொருந்தும் அடாப்டரோடு கூடிய பிரஷர் டெஸ்டர். கடைசியாகச் சொன்னதை வாங்கத் தேவையில்லை, ஐரோப்பிய கார் பார்க்கும் கராஜ்களில் இருக்கும்.

சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவேண்டாம். ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள்; கல்லாக இறுகியிருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. இன்னும் ஒரு மணித்தியாலம் விடுங்கள்.

## அறிகுறி 1: இனிப்பு வாசம் வருகிறது, நிலத்தில் ஈரம் இல்லை

சூடான உலோகத்தில் விழுந்து ஆவியாகும் கூலன்ட்தான் அந்த வாசம். சொட்டு நிலத்தைத் தொடுவதற்கு முன்பே காய்ந்துவிடுகிறது. கீழே உள்ள ஒழுங்கில் பாருங்கள்.

மூடி. பின்பக்கம் உள்ள தாங்கியின் மூடியைக் கழற்றி, உள்ரப்பரில் வெடிப்போ தட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். மூடியில் ஒரு பாக இலக்கம் அச்சிட்டிருக்கும்: 996 106 447, அதற்குப் பின் இரண்டு இலக்கம். அது 00, 01 போலப் பழையதாக இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். 04 பின்னால் வந்த திருத்தம். இந்த வரிசையிலேயே மிகக் குறைந்த செலவு இதுதான், அதிக வாசத்தை நிறுத்துவதும் இதுதான்.

அளவு கூடிப்போனது. சேர்விஸில் மேல்கோட்டைத் தாண்டி நிரப்பியிருந்தால், மிஞ்சியதை மூடி வெளியே தள்ளும். இரண்டு மூன்று ஓட்டத்துக்குப் பிறகு அதுவாகவே நின்றுவிட்டால் கோளாறு எதுவும் இல்லை.

தாங்கி. பிளாஸ்டிக் தாங்கி வயதானால் தையல் கோட்டில் மயிரிழை வெடிப்பு விடும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, காய்ந்த கூலன்டின் வெள்ளைப் பூச்சுத் தெரியும். விரலால் தடவினால் மெல்லிய உப்புப் போல ஒட்டும்.

கிளிப். தொழிற்சாலையில் போட்ட ஸ்பிரிங் கிளிப்பைக் கழற்றித் திருகு கிளிப் போட்டிருக்கிறார்களா? சூடாகிக் குளிரும் ரப்பர் சுருங்கும்போது ஸ்பிரிங் கிளிப் கூடவே இறுகும், திருகு கிளிப் இறுகாது. "இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுவோம்" என்று திருகத் திருக, ஃபிட்டிங்கின் மெல்லிய அலுமினியச் சுவர் நசுங்கும். நசுங்கினால் பசை விடுவதும் சீக்கிரம்.

ஃபிட்டிங் ஓரத்துப் பூச்சு. ஹவுசிங்கும் ஃபிட்டிங்கும் சேரும் வளையத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஹோஸ் முனையில் பூச்சு இருந்தால் கிளிப், ஹோஸ் பக்கத்துக் கோளாறு. ஃபிட்டிங் ஹவுசிங்குக்குள் நுழையும் இடத்தில் பூச்சு இருந்தால் பசை விடத் தொடங்கிவிட்டது. இரண்டுக்கும் இடையில் இரண்டு விரலகலம்தான், எஸ்டிமேட்டில் அது மலையளவு வித்தியாசம்.

வாசம் காருக்குள் வந்து முன்கண்ணாடி உட்புறம் எண்ணெய் போல் மங்கினால் ஹீட்டர் கோர். கொழும்பில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை என்பதால் இதை யாரும் கவனிப்பதில்லை. ஹீட்டர் போடாவிட்டாலும் கோருக்குள் கூலன்ட் இருக்கத்தான் செய்யும்.

மெக்கானிக்கிடம் போகவேண்டிய இடம்: ஃபிட்டிங் வளையத்தில் பூச்சு தெரிந்தால். அன்றிலிருந்து அந்தக் காரை வேகமாக ஓட்டவேண்டாம்.

## அறிகுறி 2: கூலன்ட் விளக்கு மின்னுகிறது

சமதரையில் நிறுத்தி, எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகு மட்டத்தைப் பாருங்கள். சரிவான பார்க்கிங்கில் பார்த்த மட்டம் கணக்கில் சேராது.

மட்டம் சரியாக இருந்தும் விளக்கு மின்னினால் சென்சர் அல்லது அதன் பிளக். மட்டம் குறைந்திருந்தால் முதலில் கேட்கவேண்டியது: அண்மையில் யாராவது கூலன்ட் மாற்றினார்களா? இந்தக் கார்களில் எஞ்சின் பின்னால், ரேடியேட்டர்கள் முன்னால், நடுவில் காரின் முழு நீளத்துக்குக் குழாய். மொத்தக் கொள்ளளவு இருபது லிட்டருக்கு மேல். வாளியால் ஊற்றி மூடிய காரில் காற்று அடைபட்டே தீரும். ஓடஓடக் காற்று வெளியேறி மட்டம் இறங்கும். தாங்கியில் காற்று வால்வு உள்ள கார்களில் அதன் கம்பிக் கொக்கியைத் தூக்கி விட்டு, சில ஓட்டங்களுக்கு மட்டத்தைச் சரிசெய்யுங்கள். மூன்றாவது ஓட்டத்துக்குப் பிறகும் குறைந்தால் அது காற்று அல்ல, கசிவு.

கசிவு என்று தெரிந்தும் இடம் தெரியாவிட்டால் பிரஷர் டெஸ்ட். குளிர்ந்த எஞ்சினில் 1 பார் அழுத்தத்தில் தொடங்கி 20 நிமிடம் விடுங்கள். மூடிக்கு உரிய அழுத்தத்தைத் தாண்டவேண்டாம். ஊசி இறங்குகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது. புற ஊதா டை போட்டு இரவில் புற ஊதா டோர்ச் அடித்துப் பார்த்தால் பச்சையாக மின்னும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டெஸ்டில் ஊசி அசையவில்லை என்றால் கசிவு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். பசை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமல்ல. குளிர்ந்த நிலையில் 1 பாரைத் தாங்கும் ஃபிட்டிங், 100 பாகைச் சூட்டில் அதிர்ந்துகொண்டிருக்கும்போது தாங்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வாங்கப்போகும் கார் ஒன்றுக்கு "பிரஷர் டெஸ்ட் பாஸ்" என்ற தாளைக் காட்டினால் சந்தோஷப்படுங்கள், ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க மறக்கவேண்டாம்.

வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் மட்டம் குறைந்துகொண்டே போனால் தாங்கிக்குள் எட்டிப் பாருங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் எண்ணெய்-நீர் வெப்பமாற்றி உள்ளே விட்டிருக்கலாம். ஓட்டத்தில் எண்ணெயின் அழுத்தம்தான் அதிகம், அதனால் எண்ணெய் கூலன்டுக்குள் போகும். இது வீட்டுவேலை அல்ல.

## அறிகுறி 3: நிறுத்திய இடத்தில் குட்டை

முதலில் அது கூலன்டா என்று பாருங்கள். கொழும்புக் காற்றின் ஈரத்தில் ஏசி போட்டு ஓட்டி நிறுத்தினால் அரை லிட்டர் தண்ணீர் சொட்டுவது இயல்பு. நிறமும் வாசமும் இல்லாமல் விரலில் உடனே காய்ந்தால் ஏசித் தண்ணீர். வழுவழுப்பாக இருந்து இனிப்பாக மணந்தால் கூலன்ட். நாக்கில் வைத்துப் பார்க்கவேண்டாம், கிளைகோல் நஞ்சு. தெருநாயும் பூனையும் அந்த இனிப்புக்கு வந்து நக்கும். மணல் போட்டு அள்ளிவிட்டுக் கழுவுங்கள்.

### குட்டை முன் சக்கரங்களுக்கு அருகில்

ரேடியேட்டர்கள். டர்போவிலும் ஜிடி3யிலும் இடம், வலம், நடு என்று மூன்று. பம்பரின் வாய்கள் வெக்வம் கிளீனர் போல வேலை செய்யும்: மாமர இலை, அரலிப்பூ, பொலித்தீன் பை எல்லாம் உள்ளே போய் ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் தங்கும். மழையில் நனைந்து மக்கி, அந்த ஈரக் குப்பை அலுமினியத்தை அரிக்கும். வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பக்கம் கடலோரமாக நிறுத்துபவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்த்து.

வருடத்துக்கு ஒருமுறை, இரண்டாம் பருவமழை முடிந்த கையோடு, முன் பம்பரைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்யுங்கள். வாய் வழியாகக் கைவிட்டு எடுப்பது பாதிச் சுத்தம். பிரஷர் வோஷரைக் கிட்டப் பிடித்தால் ஃபின்கள் மடியும். சாதாரண ஹோஸ், மென்மையான பிரஷ் போதும். ஒரு மூலை கூலன்டில் ஊறியிருந்தால் அந்த ரேடியேட்டரை மாற்றுவதுதான். மெல்லிய அலுமினியத்துக்குப் பற்றவைப்பு நிற்காது.

### குட்டை காரின் நடுவில்

அடியில் ஓடும் நீண்ட குழாய்களும் அவற்றை இணைக்கும் ரப்பர் மூட்டுகளும். அடித்தட்டைக் கழற்றினால் தெரியும். வேகத்தடையில் இடித்த நெளிவு இருக்கிறதா பாருங்கள். தாழ்வான காருக்கு நம் ஒழுங்கைகளின் வேகத்தடை ஒரு தனி எதிரி. அடித்தட்டு கூலன்டைத் தேக்கி வேறு இடத்தில் ஒழுகவிடும் என்பதையும் மறக்கவேண்டாம்: குட்டை இருக்கும் இடம் கசியும் இடமாக இருக்கவேண்டியதில்லை.

### குட்டை பின்பக்கம்

ஒழுங்கு இப்படி: எலி கடித்த ஹோஸ், கிளிப், தாங்கி, வோட்டர் பம்ப், ஃபிட்டிங். எலியை முதலில் எழுதியது விளையாட்டுக்கு அல்ல. வாரக்கணக்கில் உறையிட்டு நிற்கும் காரின் எஞ்சின் அறையை விட நல்ல வீடு அதற்குக் கிடைக்காது. ரப்பரில் சின்னப் பல் வரிசை தெரியும்.

பம்புக்கு, பெல்ட் பக்கம் உள்ள சின்னக் கசிவுத் துளையைப் பாருங்கள். அதில் தடம் இருந்தால் உள் சீல் போயிற்று. எஞ்சின் ஓடும்போது உராயும் சத்தமும் சேர்ந்தால் பேரிங்கும் போயிற்று.

இவை எதுவும் இல்லை, ஈரம் ஹவுசிங் பக்கத்திலிருந்து வருகிறது என்றால், குளிர்ந்த எஞ்சினில் கைக்கெட்டும் ஃபிட்டிங்கை ஹோஸோடு பிடித்து இலேசாகத் திருகுங்கள். ஹோஸ் திரும்பினால் பரவாயில்லை. ஃபிட்டிங் ஹவுசிங்குக்குள் திரும்பினால், மயிரளவு திரும்பினாலும், காரைக் கிளப்பவேண்டாம். கெரியர் வண்டியில் ஏற்றுங்கள்.

## அறிகுறி 4: ஓடும்போது பின்னால் வெண்புகை, திடீரென வழுக்கல்

ஃபிட்டிங் கழன்ற காரில் நடப்பது இது. கூலன்ட் டயருக்குக் கீழே போவதால் பின்பகுதி வழுக்கும்.

காலை மெதுவாக எடுங்கள். ஸ்டியரிங்கை வெட்டவேண்டாம், பிரேக்கை அடிக்கவேண்டாம். அபாய விளக்கைப் போட்டு இடது ஓரம் கட்டி, நின்றவுடன் எஞ்சினை அணையுங்கள். "அடுத்த எக்ஸிட் வரைக்கும் போய்விடலாம்" என்று வெப்பமானி ஊசியைப் பார்த்து ஓட்டவேண்டாம்: கூலன்ட் போனபிறகு சென்சர் வெறும் ஆவியில் நிற்கும், ஊசி ஏறாமல் சில வேளை இறங்கவும் செய்யும். ஊசி நடுவில் நிற்கும்போதே ஹெட் வெந்துபோன எஞ்சின்கள் உண்டு. அதிவேகப் பாதையென்றால் காருக்குள் இருக்காமல் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். சூடான எஞ்சினில் பச்சைத்தண்ணீர் ஊற்றவேண்டாம்.

குளிர்ந்தபின் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமே இருக்காது. ஹோஸ் கிழிந்திருக்காது, அதன் வாயில், கிளிப் இறுகியபடியே, அலுமினியக் குழாய் மாட்டியிருக்கும். குழாயின் வெளிச்சுற்றில் பழைய பசையின் செதில்கள். ஹவுசிங் பக்கம் ஒரு வெறும் வட்டத் துளை.

அதை அங்கேயே திரும்பச் செருகிப் பசை போட்டு வீடு வந்துசேரலாம் என்ற யோசனை எல்லாருக்கும் வரும். வேண்டாம். எண்ணெயும் கிளைகோலும் ஊறிய துளையில் எந்தப் பசையும் பிடிக்காது.

மெக்கானிக்கிடம் சொல்லவேண்டியது: கூலன்ட் இல்லாமல் எவ்வளவு நேரம் ஓடியது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். சில விநாடி என்றால் ஃபிட்டிங் வேலை மட்டும். அதைவிட அதிகமென்றால் எஞ்சின் கீழே இருக்கும்போதே லீக்-டவுன் டெஸ்டும் (சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள்.

## அறிகுறி 5: கொழும்பு காலி வீதி நெரிசலில் காலி முகத்திடல் வரைக்கும் வெப்பமானி ஊசி ஏறுகிறது, வேகமாக ஓடினால் இறங்குகிறது

காற்றோட்டக் கோளாறு. கூலன்டைத் தொடவேண்டாம். எஞ்சினைக் கிளப்பி ஏசியை முழுக்கப் போட்டு, முன்னால் போய் இரண்டு மூலையிலும் காது கொடுங்கள். இரண்டு விசிறியும் மெதுவேகத்தில் சுற்றவேண்டும். சுற்றாமல், எஞ்சின் கொதித்தபிறகு மட்டும் முழுவேகத்தில் ஊளையிட்டால் மெதுவேக ரெசிஸ்டர் போயிற்று. 996இல் இது வழக்கமான சாவு. பாகம் சின்னது, பம்பர் கழற்றுவதுதான் கூலி. ஒரு பக்கம் மட்டும் செத்திருந்தால் ஃபியூஸ், ரிலே, பிறகு மோட்டார்.

ஓபிடி ஸ்கேனரில் பாருங்கள். நெரிசலில் 100 பாகை வரை போய் விசிறி வந்ததும் இறங்குவது சரி. 105ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஏசியை அணைத்து ஓரம் கட்டுங்கள். சூடும் அழுத்தமும் பசையின் எதிரிகள். விசிறி வேலை செய்யாத காரில் ஃபிட்டிங் முந்திக் கழலும்.

## அறிகுறி 6: நெரிசலில் சரி, கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறுகிறது

ரேடியேட்டர் அடைப்பு, பாதி திறக்கும் தெர்மோஸ்டாட், தேய்ந்த பம்ப், கடைசியாக ஹெட் கேஸ்கட். கடைசியைச் சந்தேகித்தால் தாங்கி வாயில் நீல நிறத் திரவச் சோதனை வைக்கச் சொல்லுங்கள். எஞ்சினில் எரிந்த வாயு வந்தால் மஞ்சளாகும்.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவோம், நம்ம நாட்டுச் சூட்டுக்கு அது எதற்கு" என்று சொல்லும் பாஸ்மார் (மெக்கானிக்குகள்) இன்னும் இருக்கிறார்கள். கழற்றினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, கூலன்ட் போகவேண்டிய பாதையும் மாறும். வேறு கராஜ் பாருங்கள்.

## அறிகுறி எதுவும் இல்லை

இந்தக் காருக்கு உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஃபிட்டிங் அறிகுறி காட்டாமல் போவதால், அறிகுறிக்குக் காத்திருப்பது திட்டமே அல்ல.

ஃபிட்டிங் கழலாதபடி வெல்ட் அல்லது திருகு போடும் வேலை ஏற்கெனவே செய்ததா? கண்ணாடியும் டோர்ச்சும் வைத்து ஃபிட்டிங் வளையத்தைப் பாருங்கள். வெல்ட் கோடு அல்லது சின்னத் திருகு தெரியவேண்டும். தெரியாவிட்டால் செய்யவில்லை. "முதல் ஓனர் செய்ததாகச் சொன்னார்" என்பது ஆதாரம் அல்ல. படமும் பில்லும் கேளுங்கள்.

எப்போது செய்வது? டர்போசார்ஜர் வேலைக்கோ எண்ணெய்க் கசிவுக்கோ எஞ்சின் எப்படியும் இறங்கும்போது, கேள்வியே கேட்காமல். கட்டுக்குருந்தை போல ஓடுதளத்தில் ஓட்டுவதாக இருந்தால் அதற்கு முன். அதுவரை, எட்டும் ஃபிட்டிங் ஒவ்வொன்றிலும் ஹவுசிங்கிலிருந்து குழாய்க்கு நேராக வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். கோடு உடைந்து இரண்டு துண்டும் விலகி நின்றால் குழாய் திரும்பியிருக்கிறது. ஒரு மார்க்கர் பேனாவில் இதைவிட நல்ல சோதனை கிடையாது.

எஞ்சினை இறக்காமல் எட்டுவதை மட்டும் செய்து தருகிறேன் என்பார்கள். எட்டாததும் அதே வயது, அதே பசை. பாதி வேலைக்குக் காசு கொடுக்கவேண்டாம்.

### வெல்டிங்கா, திருகா?

வெல்ட் செய்தால் பசையே தேவையில்லை, கதை முடிந்தது. ஆனால் மெல்லிய குழாயும் தடித்த வார்ப்பும் சேரும் இடம். கை பழகாதவர் குழாயை ஓட்டையாக்குவார் அல்லது ஹவுசிங்கின் முகத்தை வளைப்பார். திருகு முறையில் கசிவை அடைப்பது புதுப் பசை, கழலாமல் பிடிப்பது திருகு. பசை மீண்டும் விட்டாலும் ஊறுமே தவிரப் பறக்காது.

எங்கள் முடிவு: அலுமினிய டிக் வெல்டிங்கில் கை தெரிந்தவரும், வெல்டுக்குப் பிறகு முகத்தைச் சமப்படுத்த லேத் வசதியும் இருந்தால் வெல்ட். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் திருகு. பஞ்சிகாவத்தைப் பக்கம் வெல்டரைத் தேடும்போது, முதலில் பழைய அலுமினிய ஹவுசிங் ஒன்றைக் கொடுத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஊசித் துளைகள் நிறைந்த கோடு வந்தால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

### திருகு முறை

1. ஹவுசிங்கைக் காரிலிருந்து கழற்றி மேசையில் வையுங்கள். காரில் இருக்கும்போது துளைத்தால் அலுமினியச் சீவல் எஞ்சினுக்குள் போகும்.
2. ஃபிட்டிங்கைச் சூடுகாட்டித் திருகி வெளியே எடுங்கள். திசையைக் கோடு போட்டுக் குறியுங்கள்; கோணம் மாறினால் ஹோஸ் முறுகும். வராமல் பிடித்திருப்பதையும் விடவேண்டாம், எல்லாவற்றையும் எடுங்கள்.
3. துளையிலும் குழாயிலும் பழைய பசை முழுக்கப் போகும்வரை சுரண்டி, நடுத்தர உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, அசிட்டோனால் இரண்டுமுறை துடையுங்கள். பிறகு விரல் படக்கூடாது. வேலை கெடுவது பெரும்பாலும் இந்தப் படியில்.
4. லொக்டைட் 620 போன்ற உயர்சூட்டு ரிடெய்னிங் கலவையை (செருகிய உலோகத்தைப் பிடித்துவைக்கும் பசை) இரண்டு பக்கமும் பூசிச் செருகுங்கள். 620 இறுகியபின் 230 பாகை வரை தாங்கும். இடைவெளி கண்ணுக்குத் தெரியுமளவு தளர்வாக இருந்தால் இது பொருந்தாது, அலுமினியத்துக்கான எபொக்சி வேண்டும்.
5. 24 மணித்தியாலம் அசைக்காமல் விடுங்கள்.
6. ஹவுசிங்கின் வளையத்தைத் துளைத்து, குழாயின் சுவர் வரை போய், எம்4 மரை வெட்டி, தலையில்லாத் திருகை மரைப்பசையோடு இறுக்குங்கள். நீரோட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வளையம் மெல்லியதாக இருக்கும் இடத்தையும் ஓ-ரிங் உட்காரும் முகத்துக்குப் பக்கத்தையும் தவிருங்கள்.
7. சீவல் ஒன்றுகூட மிஞ்சாமல் கழுவி, காற்றடித்து, மூட்டும் முன் ஹவுசிங்கை மட்டும் அடைத்து அழுத்தம் கொடுத்து வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். குமிழி வந்தால் இப்போதே வரட்டும்.

### வெல்ட் முறையில் மாறுவது

தெர்மோஸ்டாட், சென்சர், ரப்பர் எல்லாம் வெளியே. பசை துளியும் மிஞ்சக்கூடாது, எரிந்து வெல்டுக்குள் புகையாகப் போகும். பழைய வார்ப்பு கிளைகோல் குடித்திருக்கும். 120 பாகையளவில் ஒரு மணித்தியாலம் அடுப்பில் வைத்து உலர்த்திய பிறகே வெல்ட். ஒரே மூச்சில் சுற்றவேண்டாம், எதிரெதிர் நான்கு இடத்தில் புள்ளி வைத்து, துண்டுதுண்டாக. ஆறியதும் பொருத்தும் முகத்தைச் சமதளக் கண்ணாடியில் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் லேத்துக்குப் போகவேண்டும்.

புது ஹவுசிங் வாங்கிப் போடலாமே என்றால், அதையும் ஒட்டியது என்றே எண்ணித் திருகு போட்டோ வெல்ட் செய்தோதான் பொருத்தவேண்டும்.

### எஞ்சின் கீழே இருக்கும்போது

வோட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், எல்லா ஹோஸ்களும், ஓ-ரிங்குகளும், ஸ்பார்க் பிளக், பெல்ட். கிளச்சைப் பார்த்து முடிவெடுங்கள். பின் ஒயில் சீலையும் அப்போதே. 996 டர்போவில் கிளச் ஸ்லேவ் சிலிண்டர் ஈரமாக இருந்தால் அதையும். இவற்றின் பாகச் செலவு, இன்னொருமுறை எஞ்சின் இறக்கும் கூலியைவிடக் குறைவு. பாகங்கள் டுபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும்வரை கார் லிஃப்டில் காத்திருந்தால் இடவாடகை ஏறும். எல்லாம் கைக்கு வந்தபிறகு காரைக் கொடுங்கள்.

எஞ்சினையும் கியர்பொக்ஸையும் சேர்த்து இறக்குவது லிஃப்டும் எஞ்சின் மேசையும் உள்ள கராஜ் வேலை. வீட்டுப் போர்டிகோவில் ஜாக் வைத்து முயலவேண்டாம்.

### நிரப்புதல்

காருக்குச் சொல்லப்பட்ட கூலன்டும் டிஸ்டில்ட் வோட்டரும் சரிபாதி. இங்கே உறைபனி இல்லையே, தண்ணீர் போதாதா என்ற கேள்வி எப்போதும் வரும். சரிபாதிக் கலவை திறந்த பாத்திரத்திலேயே 107 பாகையளவில்தான் கொதிக்கும். அரிப்புத் தடுப்பு மருந்தும் அதில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் அலுமினியத்தைத் தின்னும். நிறத்தை வைத்துக் கலக்கவேண்டாம், பச்சைக்குப் பச்சை ஒரே மருந்து என்று இல்லை. கசிவை அடைக்கும் பவுடர் போட்டிருந்த காரென்றால் முதலில் முழுக்கக் கழுவுங்கள்.

வெக்வம் கருவியால் நிரப்பச் சொல்லுங்கள். கம்ப்ரசர் காற்றில் ஓடும் அது, சிஸ்டத்தை −0.8 பார் அளவுக்கு உறிஞ்சும். பத்து நிமிடம் முள் அசையாமல் நின்றால் கசிவு இல்லை. வால்வைத் திறந்தால் கூலன்ட் தானாக இழுபடும், காற்று அடைபடாது. பாஸிடம் கேட்கவேண்டிய ஒரே கேள்வி: "வெக்வம் போட்டு நிரப்புறீங்களா, ஊத்துறீங்களா பாஸ்?" ஊற்றுவதாகச் சொன்னால், அந்தக் கருவி உள்ள இடத்தில் நிரப்பும் வேலையை மட்டும் தனியாகக் கொடுக்கலாம்.

அலுமினியத்தில் போகும் எம்6 போல்ட்டுகளுக்கு வழக்கமாக 10 நியூட்டன் மீட்டர்தான். கைப்பலத்தில் இறுக்கினால் மரை பிடுங்கும்.

### வந்தபிறகு

எஞ்சின் ஏறும் முன் ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் படம் எடுத்து, தேதியோடு பில்லில் சேர்க்கச் சொல்லுங்கள். விற்கும்போது அந்தப் படங்களுக்கு விலை உண்டு. முதல் 100 கிலோமீற்றரில் குளிர்ந்த மட்டத்தைப் பாருங்கள், சற்று இறங்குவது சரி. 1000 கிலோமீற்றரில் அடித்தட்டைக் கழற்றி ஒவ்வொரு வளையத்தையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் வந்தால் வாரன்டி முடியும் முன் காரைத் திரும்பக் கொண்டுபோங்கள்.